பூட்டுச் சின்னம்

பிப்ரவரி 3, செவ்வாய்

கடை திறந்ததும் இன்று செய்த முதல் வேலை, வாசலில் பலகை போட்டது. சாக்கடை மறுபடி பொங்கி நடைபாதை வரைக்கும் வந்துவிட்டது. குழாய் வாங்க வந்தவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பலகை மேல் நடந்து வந்தார். "அக்கா, உங்க கடைக்கு வர்றதுக்குப் படகு விடுங்க" என்றார். சிரித்தேன். வாங்க வந்தவர் கிண்டல் பண்ணினால் சிரிக்கத்தான் வேண்டும். உள்ளே பற்றி எரிந்தது.

மதியம் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். வார்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. 'ஆகட்டும்' என்றால் எல்லோருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

"சாக்கடை பொங்குதுங்க."

"ஆகட்டும்மா."

"எப்போ ஆகும்?"

"ஆகட்டும், ஆகட்டும்."

திரும்பி வரும்போது எதிர்க் கடைத் தையல் அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "என்ன, ஆகட்டுமா?"

"ஆகட்டும்தான்."

"எலெக்‌ஷன் வருதுல்ல, நீயே நின்னு தொலையேன். வாய்தான் இருக்கே."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அது ஏன் என் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது?

பிப்ரவரி 6, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதையும் உடனே மறுக்கிற ஆள் இல்லை. டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"கடைக்கு எல்லாரும் வரணும். நீ ஒரு பக்கம் நின்னா, மறுபக்கத்துக்காரன் ஆணி வாங்கக்கூட வர மாட்டான். யோசிச்சுக்கோ."

அதில் தப்பே இல்லை. ஒரு மூட்டை சிமெண்டும் இரண்டு வாளி பெயிண்டும் வைத்து ஆரம்பித்த கடை. இன்று குழாய், பூட்டு, கீல், வயர், என்ன கேட்டாலும் இருக்கிறது. எப்படி வளர்த்தேன்? யாரையும் வெறுங்கையோடும் அனுப்பவில்லை, முகம் வாடியும் அனுப்பவில்லை. கையில் இல்லாத சாமானைக் கேட்டால்கூட 'இல்லை' என்று சொன்னது கிடையாது. "வந்துடும், நாளன்னைக்கு வாங்க" என்பேன். ஆள் திரும்ப வருவார். வரும்போது வேறு எதையாவது வாங்கிப் போவார்.

அப்படிப்பட்டவள் போய் ஒரு பக்கம் நிற்பதா?

ஆனால் அந்தச் சாக்கடை. எரியாத அந்தத் தெரு விளக்கு. வார்டு முழுக்க ஆகட்டும், ஆகட்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வேட்பு மனு கொடுத்துவிட்டேன். கையெழுத்தை இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டேன். எத்தனை பில் எழுதிய கை!

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "தொழில்?"

"ஹார்டுவேர் கடை."

"சொந்த ஊர்?"

"இதுதான்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அதில்லம்மா. சொந்த ஊர்?"

இந்த வார்டில் முக்கால்வாசி வீடுகளின் குழாயும் தாழ்ப்பாளும் என் கடையிலிருந்து போனவைதான். மகள் இங்கே பள்ளிக்கூடம் முடித்து இப்போது கல்லூரிக்கும் போகிறாள். இன்னும் நான் 'புதுசா வந்தவங்க'தான். எத்தனை வருஷம் ஆனால் பழசாவேன்? கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்று சின்னம் வாங்கும் நாள். கட்சி இல்லாதவர்களுக்கென்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். குடை, விசில், ஏணி, பூட்டு, கண்ணாடி டம்ளர், இன்னும் ஏதேதோ. மற்ற வார்டுக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பூட்டு! கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. கடையைத் தாண்டிப் போகிறவன் எல்லாம் என் சின்னத்தைப் பார்த்துக்கொண்டேதான் போயாக வேண்டும். காசு செலவில்லாத விளம்பரம். இப்படி யோசிக்க ஒரு வியாபாரியால்தான் முடியும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அதிகாரி கேட்டார்: "நிச்சயமாவா? குடைகூட இருக்கு."

"பூட்டேதான்."

மகள் அட்டையில் பெரிய பூட்டு ஒன்று வரைந்தாள். வரைந்துவிட்டு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏம்மா, சாவி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

சாவி பட்டியலில் இல்லை என்றேன். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கீழ்த் தெருவில் வீடு வீடாகப் போனேன். குறுகல் வீடுகள், வாசலிலேயே துணி காய்கிறது, வாசலிலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்.

கீழ்த் தெருவுக்கும் மேல் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. சந்தின் நடுவில் இரும்புக் கதவு. முன்பெல்லாம் அது திறந்தே கிடக்கும். போன வருஷம் மேல் தெருவில் யாரோ ஒருவருடைய சைக்கிள் காணாமல் போனதாம். மேல் தெரு சங்கத்தார் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கீழ்த் தெரு ஜனங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, லாரி ஓடுகிற மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

"கேட்டைத் திறந்து விடுவீங்களா, அதைச் சொல்லுங்கக்கா" என்றார் லோடு ஆட்டோக்காரர். இந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு.

"செஞ்சுடலாம்" என்றேன்.

வாஷர் எடுத்துக் கொடுப்பது மாதிரி சுலபமாக வந்தது வார்த்தை. ஒரு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சந்தோஷமாகத் திரும்பினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மேல் தெரு. வரிசையாகச் செருப்பு வைக்கத் தட்டு, ஜன்னலுக்கெல்லாம் வலை, தண்ணீர் ஊற்றிய செடிகள். இந்தத் தெருதான் என் கடைக்குச் சோறு போடுகிறது. யாராவது ஒருவர் எப்போதும் வீடு கட்டிக்கொண்டோ, மாடி எழுப்பிக்கொண்டோ இருப்பார்.

சங்கச் செயலாளர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

"எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான்மா. சந்துல இருக்கிற கேட் மூடியே இருக்கணும். பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அதற்கு என் வாய் என்ன சொன்னது? "கவலைப்படாதீங்க சார், பார்த்துக்கலாம்."

அவருக்குத் திருப்தி. "உங்க கடைப் பூட்டைத்தான் போட்டிருக்கோம். நல்ல கனம்" என்றார். அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன்! இப்போது எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி உள்கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். செயலாளர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார், நானும் செயலாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 20, வெள்ளி

'பார்த்துக்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? சொன்னவள் நான்தான். எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

தையல் அக்கா கூப்பிட்டனுப்பினாள். போனேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கீழ்த் தெருவுல, நீ கேட்டைத் திறக்கப் போறேன்னு பேச்சு. மேல் தெருவுல, நீ மூடியே வைக்கப் போறேன்னு பேச்சு. ஏன்டி, நீ என்ன சுழல் கதவா?"

"நான் அப்படியெல்லாம் வாக்குக் குடுக்கலைக்கா."

"பின்ன என்ன சொன்னே?"

"ஒரு இடத்துல செஞ்சுடலாம்னேன். ஒரு இடத்துல பார்த்துக்கலாம்னேன்."

"ஓ" என்றாள். நூல் ஊசிக்குள் போய்விட்டது. "ஆகட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அந்தக் கவுன்சிலரைப் பார்த்து எரிச்சல்பட்டுத்தானே நின்றேன்? அவர் சொல்வது ஒரு வார்த்தை, நான் சொல்வது இரண்டு. வேறு என்ன வித்தியாசம்?

கடையில் 'வந்துடும்' என்றால் வாங்குகிறவருக்கும் தெரியும், அது கடைப் பேச்சு என்று. சாமான் வராவிட்டால் வேறு கடைக்குப் போவார். இவர்களுக்கு வேறு கதவு ஏது?

பிப்ரவரி 24, செவ்வாய்

கடை வாசலில் இன்று கூட்டம். வியாபாரக் கூட்டம் இல்லை.

லோடு ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! கேட்டுல தொங்கற பூட்டை வித்தது யாரு? இந்தக்கா! பூட்டுச் சின்னத்துல நிக்கறது யாரு? இந்தக்கா! பூட்டுக்கு ஓட்டுப் போட்டா கேட் திறந்துக்குமாம்! எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

தெருவே சிரித்தது. மகள் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது. அந்த அதிகாரி குடை இருக்கு, குடை இருக்கு என்று தலைபாடாக அடித்துக்கொண்டாரே.

கூட்டம் கலைந்த பிறகு ஆட்டோக்காரரே உள்ளே வந்தார். குரல் இறங்கியிருந்தது. "கோபப்படாதீங்கக்கா. நீங்க வித்த பூட்டுதானே? இன்னொரு சாவி கடையில இருக்கும். குடுங்க, விஷயம் முடிஞ்சுது."

"பூட்டு போனா எல்லாச் சாவியும் கூடவே போயிடும். கடையில எதுவும் வெச்சுக்க மாட்டோம்."

"யார் நம்புவா?"

"நம்பாட்டிப் போங்க. ஊர்ப் பூட்டுக்கெல்லாம் சாவி வெச்சிருக்கறவகிட்ட நாளைக்கு நீங்க பூட்டு வாங்குவீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்போ பூட்டை வெட்டக் கட்டர் குடுங்க."

கட்டர் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு இன்னிக்கு விக்க மாட்டேன்" என்றேன். சாமானைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று நான் சொன்னது இதுவரை நடந்ததில்லை. அவருக்கும் அது அதிர்ச்சிதான். முறைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் 'ஆகட்டும்' அந்தப் பக்கமாக நடந்து போனார். நின்று, தொங்குகிற பூட்டுகளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "சின்னம் பிரமாதம்மா" என்றார். முகத்தில் என்ன ஒரு நிம்மதி அந்த மனிதருக்கு.

பிப்ரவரி 25, புதன்

காலையில் மெயின் ரோட்டுக்குப் போனேன், அவர்கள் எப்படித்தான் போகிறார்கள் என்று பார்க்க. மேல் தெரு வீடுகளில் வேலை செய்யப் போகிற கீழ்த் தெரு அம்மா ஒருவர் வந்தார். கூடவே நடந்தேன்.

"தினம் இப்படித்தானா?"

"வேற வழி? செயலாளர் வீட்டுலதான் முதல் வேலை. லேட்டா வந்தா அந்த வீட்டம்மா மூஞ்சியைக் காட்டுவாங்க. நான் என்ன பறந்தா வர முடியும்? கேட் இருந்தப்போ—"

கேட் திறந்திருந்தபோது என்று சொல்ல வந்தார். லாரி வந்துவிட்டது. ஹாரன். இரண்டு பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. லாரி போன பிறகும் நான் சுவரை விட்டு விலகவில்லை. அந்த அம்மா எதுவும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நான் 'செஞ்சுடலாம்' என்று வாஷர் மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஒரு வாடிக்கையாளருக்கு முக்கால் அங்குலக் குழாய்க்குப் பதில் அரை அங்குலம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மேஸ்திரி வந்தார். மேல் தெருவில் எந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாலும் இவர்தான். சாமான் முழுக்க என் கடையில்தான் எடுப்பார்.

"ரெண்டு வீடு ஆரம்பிக்கறோம்மா. ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கீலைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை சங்கத்துல ரெண்டு வேட்பாளரையும் பேசக் கூப்பிட்டிருக்காங்களாமே. கேட் விஷயம் வந்தா வாயைக் குடுத்துடாதீங்க. பழையபடி பார்த்துக்கலாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டமே.

ராத்திரி வீட்டில் இவரிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. கடை, கடை என்று இவரும் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைச்சிடு. நீயும் தூங்கறதில்லை, என்னையும் தூங்க விடறதில்லை. நாளைக்கு ஸ்டியரிங்ல சாஞ்சேன்னா ஒரு பஸ் ஜனம் போயிடும்."

மார்ச் 1, ஞாயிறு

முடிந்தது. எழுத்து கோணலாகப் போகிறது. போனால் போகட்டும்.

சங்கத்துக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசைகளில் ஆண்கள், பின்னால் பெண்கள். 'ஆகட்டும்' முதலில் பேசினார். கேட் பற்றிச் செயலாளர் கேட்டார். அவர் எழுந்து நின்று, கும்பிட்டு, "ஆகட்டும்" என்றார். கைதட்டினார்கள். என்ன ஆகட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை!

அடுத்து நான். எழுந்தேன். 'பார்த்துக்கலாம்' நுனி நாக்கில் வந்து தயாராக நின்றது. மேஸ்திரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். அந்த ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்று ராத்திரி சோறாவது தின்றிருப்பேன்.

"கேட் பகல்ல திறந்திருக்கணும். ராத்திரி மூடிக்கலாம்" என்றேன். "அந்தச் சந்து நகராட்சியோடது. நான் ஜெயிச்சா முதல் கூட்டத்துலேயே இதைத்தான் கேட்பேன். மறைச்சு ஓட்டு வாங்க எனக்கு இஷ்டமில்லை."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

செயலாளர் மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்டுல உட்கார்ந்து வேற மாதிரி சொன்னீங்களே?"

"பார்த்துக்கலாம்னு சொன்னேன் சார். அது கடைப் பேச்சு. உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"திருடன் வந்தா யார் பொறுப்பு?"

"திருடனுக்குச் சுவர் ஏறத் தெரியும் சார். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத்தான் தெரியாது. அதுங்க லாரிக்கு நடுவுல போகுதுங்க."

முன்வரிசையில் யாரோ, எனக்குக் கேட்கட்டும் என்றே, "நேத்து வந்தவங்கல்லாம் நமக்குச் சட்டம் சொல்ல ஆரம்பிச்சாச்சு" என்றார். இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனார். பின்வரிசையில் சத்தமே இல்லை. ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. சுவரைப் பார்த்துப் பேசிய மாதிரி இருந்தது.

வெளியே வந்து வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டேன். திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வர தைரியம் வரவில்லை. இவரை அனுப்பினேன்.

மார்ச் 2, திங்கள்

மேஸ்திரி போன் பண்ணினார். இரண்டு வீட்டு ஆர்டரும் இல்லை. "வீட்டுக்காரங்க வேற கடை சொல்றாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

அவரால் என்ன பண்ண முடியும்.

மார்ச் 4, புதன்

கீழ்த் தெருவாவது மிஞ்சும் என்று போனேன். சங்கத்தில் பேசியதைச் சொன்னேன். லோடு ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துணியைக் கீழே வைக்கவில்லை.

"அங்க அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யார் பார்த்தா? இங்க ஒண்ணு சொன்னீங்க, அங்க ஒண்ணு சொன்னீங்க. இப்ப மூணாவதா ஒண்ணு. எதை எடுத்துக்கறது?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். ஒரு தடவை போலிச் சாமான் கொடுத்த கடைக்கு நான் திரும்பப் போவேனா?

இந்தப் பக்கமும் போச்சு, அந்தப் பக்கமும் போச்சு. நல்ல வியாபாரம் பண்ணினேன்.

மார்ச் 6, வெள்ளி

கடையில் உட்கார்ந்திருந்தேன். மேல் தெருக்காரர்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்து போகிறார்கள். தற்செயலாகவும் இருக்கலாம். எல்லோருமா தற்செயலாக?

மார்ச் 8, ஞாயிறு

ஓட்டுப் போட்டாயிற்று. சீட்டில் அந்தப் பூட்டைப் பார்த்ததும் அதன் மேல் குத்தவே ஒரு கணம் தயங்கினேன். எனக்கே இப்படி என்றால்!

மார்ச் 10, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

பள்ளிக்கூடத்து ஹாலில் எண்ணினார்கள். சாவடி சாவடியாக வாசித்தார்கள். கடைத் தெருவில் எனக்குச் சுமாராக விழுந்திருந்தது. கீழ்த் தெருவில் பாதிக்குப் பாதி. அங்கே அள்ளியிருக்க வேண்டியவள் நான். லோடு ஆட்டோக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. 'ஆகட்டும்' ஆட்கள் மாலையைத் தண்ணீர் தெளித்து எடுத்து வைத்துவிட்டார்கள்.

மேல் தெருச் சாவடிதான் கடைசி. அதை எதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும்? எழுந்தேன். இவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "டிக்கெட் எடுத்தாச்சுல்ல, கடைசி ஸ்டாப் வரைக்கும் இரு."

அதிகாரி வாசித்தார். ஹாலில் யாருக்கும் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை என்று நினைக்கிறேன், தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வாசித்தார். மேல் தெருவில் பாதிக்கு மேல் பூட்டு.

விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஜெயித்தது நான்.

செயலாளர் எதிர்வரிசையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தன் தெருவில் வீடு வீடாகப் போய் யார் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. எங்கேயோ எதையோ தப்பாக எண்ணிவிட்டார்கள், இப்போது வந்து திருத்திவிடுவார்கள் என்றே கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11, புதன்

தையல் அக்கா கடைக்குள் வந்து, கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்ன கவுன்சிலரே, முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"எப்படிக்கா? அந்தத் தெரு முழுக்க என்மேல கோபமா இருந்துச்சே."

"தெரு முழுக்கன்னு யார் சொன்னா? கேட்டை மூடணும்னு சங்கத்துல கை தூக்கினது ஆம்பளைங்க. வேலைக்கு வர்றவங்க மெயின் ரோட்டைச் சுத்திக்கிட்டு லேட்டா வந்தா, அந்த வீட்டுல பாத்திரம் யார் தேய்ச்சா? வீட்டை யார் பெருக்கினா? ஒரு வருஷமா எங்கிட்ட துணி குடுக்க வர்ற ஒவ்வொருத்தியும் புலம்பறா. வீட்டுல வாயைத் திறந்தா பாதுகாப்பு, பாதுகாப்புன்னு அடக்கிடுவாங்க. நீ நடுக்கூடத்துல நின்னு சொல்லிட்டே. சீட்டை மடிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்?"

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. குழாய் வாங்க ஒரு ஜோடி வந்தால் விலை கேட்பது ஆண். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே பின்னால் நிற்கிற பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பேன். அங்கே தலை அசைந்தால்தான் பில் போடலாம். இத்தனை வருஷத் தொழிலில் கைவந்த பாடம் அது. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் அது எங்கே போனது? செயலாளர் வீட்டில் அந்த அம்மா உள்கதவுப் பக்கம் நின்றார். நான் திரும்பக்கூட இல்லை.

நியாயத்தைப் பேசியதால் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முழு உண்மை அதுவல்ல. மேல் தெருப் பெண்களுக்கு நேரத்துக்கு ஆள் வர வேண்டும், கீழ்த் தெருப் பிள்ளைகளுக்கு லாரி இல்லாத வழி வேண்டும். இரண்டும் ஒரே கதவு. பரவாயில்லை.

மார்ச் 26, வியாழன்

முதல் கூட்டம். சந்து நகராட்சியுடையதுதான் என்று பழைய வரைபடத்தைக் காட்டி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காலை முதல் சாயங்காலம் வரை கதவு திறந்திருக்கும். இரவில் பூட்டிக்கொள்ளும் பொறுப்பு சங்கத்துக்கு. செயலாளர் வந்து கையெழுத்துப் போட்டார். என்னிடம் பேசவில்லை, வணக்கம் மட்டும் வைத்தார்.

சாக்கடைக்கு இஞ்சினியர் கை விரித்துவிட்டார். முழு வரிசையையும் தோண்ட வேண்டுமாம், இந்த வருஷம் நிதி இல்லையாம். நான்கு தடவை சண்டை போட்டேன். இல்லை என்றால் இல்லை.

கடைக்கு வந்ததும் முதல் ஆளே கேட்டார்: "அக்கா, சாக்கடை?"

"இந்த வருஷம் ஆகாது" என்றேன். அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் திருகாணி வாங்கிக்கொண்டுதான் போனார்.

நாளை இன்னும் எத்தனை பேர் கேட்பார்களோ.

ஏப்ரல் 4, சனி

மதியம் கடையில் ஆள் இல்லை. மேல் தெரு ஆர்டர் நின்ற பிறகு மதியம் இப்படித்தான். விலைப்பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செயலாளரின் மனைவி வந்தார். தனியாக. இதற்கு முன் கடைக்கு வந்ததில்லை.

"வாங்கம்மா, உட்காருங்க. சார் எப்படி இருக்கார்?"

"கோபமாத்தான் இருக்கார். ஒரு ஆணி வேணும்னாலும் பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வர்றார்." சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் மூடிக்கொண்டார். "கீலுக்குப் போடற எண்ணெய் இருக்கா?"

"எந்தக் கீலுக்கும்மா? வீட்டுக் கதவுக்கா?"

"சந்துல இருக்கிற கேட்டுக்கு. எங்க சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா இருக்கு. திறக்கும்போது ஒரு சத்தம், மூடும்போது ஒரு சத்தம். விடிஞ்சதுலேர்ந்து காதைத் துளைக்குது. ஒருத்தரும் போடற மாதிரி தெரியலை. நானே போட்டுடலாம்னு."

சின்ன டப்பா ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தேன். "ரெண்டு சொட்டு விட்டாப் போதும்மா."

அவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார், என் பக்கமே தள்ளி வைத்தார்.

"பெரிசாவே குடுங்க" என்றார். "ஆள் நடமாட்டம் ஜாஸ்தி."